பூரணியும் நாமும்: ‘குறிஞ்சி மலர்’ பற்றி ஒரு வாசகியின் கருத்து

காதல் கதை என்றாலே பெற்றோர் முகம் சுளிப்பதும், மாணவியர் அதனைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படிப்பதும் நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். முகம் சுளிப்பவர் பெரும்பாலும் அந்நூலைப் படித்திருக்க மாட்டார். மறைத்துப் படிப்பவளோ அதைப் பற்றி எவரோடும் பேச மாட்டாள். ஆகவே அந்நூல் நல்லதா, அல்லதா, நல்லதாயின் எந்த அளவுக்கு நல்லது என்னும் ஆராய்ச்சியே நடைபெறுவதில்லை. ஒரு நாவலை எடுத்துக்கொண்டு அவ்வாராய்ச்சியை நம் ஆண்டு மலரிலே வெளிப்படையாகச் செய்து பார்ப்போம்.

எடுத்துக்கொண்ட நூல் நா. பார்த்தசாரதி எழுதிய ‘குறிஞ்சி மலர்’. ஆசிரியர் நம் பக்கத்துக்காரர். 1932ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் நதிக்குடி என்னும் சிற்றூரில் பிறந்தவர். அன்று அவ்வூர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985இல் மாவட்டம் பிரிந்தபின் நம் விருதுநகர் மாவட்டத்துள் அடங்கியது. மேலும், இளம் உள்ளங்களைக் கவர்ந்த காதல் நாவல் ஒன்றைத் தமிழில் சுட்டிக்காட்டச் சொன்னால், பாட்டியும் தாயும் மகளும் சேர்ந்து சுட்டக்கூடிய நூல் இது. ‘மணிவண்ணன்’ என்னும் புனைபெயரில், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், ‘கல்கி’ வார இதழில் தொடர்கதையாக வெளிவந்தது. தலைவன் பெயர் அரவிந்தன், தலைவி பெயர் பூரணி. கதையில் மனம் தோய்ந்த பெற்றோர் பலர் தம் குழந்தைகளுக்கு இப்பெயர்களைச் சூட்டி மகிழ்ந்தனர். உங்கள் உறவினருள் அறுபது வயதையொட்டிய அரவிந்தனோ பூரணியோ இருந்தால், பெயர் வந்த வழியை விசாரித்துப் பாருங்கள்.

நா.பா. 1965இல் ‘தீபம்’ என்னும் இலக்கிய இதழைத் தொடங்கினார். ‘சமுதாய வீதி’ என்னும் நாவலுக்காக 1971இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். 1987இல் மறைந்தார். ஆயினும் பரிசு பெற்ற நாவலைவிடக் ‘குறிஞ்சி மலரே’ அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

கதை

கதை நடக்கும் இடம் மதுரையும் திருப்பரங்குன்றமும். ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் மதுரைக்குப் பேருந்தில் போகிறவர்களுக்குத் திருமங்கலம் கழிந்தபின் அந்தக் குன்று கண்ணில் படும். அதன் அடிவாரத்து ஊரில்தான் பூரணியின் வீடு. அவள் தந்தை அழகிய சிற்றம்பலம் பெரும் தமிழ்ப் பேராசிரியர், தன்மானம் மிக்கவர். தாயை முன்பே இழந்த குடும்பத்தில் தந்தையும் மறைந்துவிடுகிறார். திருநாவுக்கரசு, சம்பந்தன் என்னும் தம்பியர் இருவரும், மங்கையர்க்கரசி என்னும் சிறு தங்கையும் பூரணியின் பொறுப்பாகிவிடுகின்றனர். வீட்டில் புத்தகங்கள் உண்டு, பணம் இல்லை.

வேலை தேடி மதுரைத் தெருக்களில் அலைந்து, பசியால் மயங்கி விழும் அவளை ஆதரிக்கிறார் மங்களேசுவரி அம்மாள் என்னும் செல்வச் சீமாட்டி. அவர் உதவியால் மங்கையர் கழகத்தில் தமிழ் வகுப்பு நடத்தும் பணி கிடைக்கிறது. மீனாட்சிசுந்தரம் என்பவரின் அச்சகத்தில் பணியாற்றும் அரவிந்தன், கவிதை எழுதும் இளைஞன், இலட்சியவாதி. பேராசிரியரின் நூல்களை அச்சிடும் வேலையும் இருவரையும் அருகில் கொண்டு வருகிறது. அன்பு வளர்கிறது. கோடைக்கானல் மலையில் குறிஞ்சி பூத்திருக்கும் காட்சி அவ்வன்புக்கு அடையாளமாக நூல் முழுவதும் மணக்கிறது. மணம் நிகழுமுன் அரவிந்தன் நோயுற்று இறந்துபோகிறான். பூரணி தனித்தே வாழ்கிறாள்.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று வருந்த வேண்டா. இந்த முடிவு நூலின் முதற் பக்கங்களிலேயே, பெயர்களுக்குள் ஒளிந்திருக்கிறது. மூன்று குழந்தைகளின் பெயர்களும் பெரியபுராணத்திலிருந்து வந்தவை. திருநாவுக்கரசருக்கு ஒரு தமக்கையார் உண்டு, திலகவதியார். அவருக்குக் கலிப்பகையார் என்னும் வீரரை மணம் பேசியிருந்தனர். மணம் நிகழுமுன் அவர் போரில் மாண்டார். பெற்றோரும் முன்னரே மறைந்திருந்தனர். தாமும் உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பிக்காகவே உயிர் தாங்கினார். தமிழாசிரியராகவும் இருந்த நா.பா., தம்பி ஒருவனுக்குத் திருநாவுக்கரசு என்று பெயரிட்டபோதே தமக்கையின் வாழ்வையும் வகுத்துவிட்டார் எனலாம். பெரியபுராணப் பகுதியைப் பாடமாகப் படித்த மாணவியர் இதனை எளிதில் கண்டுகொள்வர்.

பூரணி ஈட்டிய சம்பளம்

இந்நாவலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் காதலைப் பற்றியே பேசுகின்றனர். என் கருத்தில், இந்நூலின் வலிமை காதலில் இல்லை. பூரணி செய்யும் வேலையில் இருக்கிறது.

தந்தை உயிரோடிருந்தபோது அவருக்கு உதவ முயன்று தோற்ற செல்வர் ஒருவர், அவர் மறைந்தபின் பூரணிக்குப் பணம் அனுப்புகிறார். வீட்டிலோ அடுப்பெரிய வழியில்லை. தந்தை மறுத்ததை நானும் மறுக்கிறேன் என்று திருப்பி அனுப்பிவிடுகிறாள் பூரணி. இளம் வயதில் இதைப் படிப்பவர்களுக்கு மெய் சிலிர்க்கும். வயது ஏறியபின் படித்தால், பசித்த குழந்தைகள் மூவரும் அந்தத் தன்மானத்துக்கு என்ன விலை கொடுத்தனர் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. ஆசிரியர் இதை மறைக்கவில்லை. தெருவில் அவள் மயங்கி விழுவது அந்த மறுப்பின் தொடர்ச்சியே. உயர்ந்த கொள்கைக்கு வயிறு உண்டு என்பதைக் காட்டிய பக்கங்கள் அவை.

அதன்பின் அவள் பிறர் தயவில் ஒதுங்கி வாழவில்லை. மேடையேறிப் பேசக் கற்கிறாள். தன் படிப்பை வைத்தே சம்பாதிக்கிறாள். தம்பியரைப் படிக்க வைக்கிறாள். தேர்தலில் நிற்குமாறு பெரியவர்கள் அவளைக் கேட்கும் அளவுக்கு உயர்கிறாள். இது எழுதப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மணப்பெண்ணுக்கு 15 வயது நிரம்பினால் போதும் என்று சொல்லியிருந்தது. 18 வயது என்பது 1978இல்தான் வந்தது. பத்தாம் வகுப்பு வயதில் மணமேடை ஏறலாம் என்று சட்டமே இடங்கொடுத்த காலத்தில், மணத்தைப் பற்றிய கவலையைத் தள்ளி வைத்துவிட்டு வேலை தேடிப் புறப்பட்ட ஒரு பெண்ணை வார இதழ் வாசகர்கள் இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் வரவேற்றனர். வீட்டுப் பெரியவர்கள் அவளைக் குறை சொல்ல முடியாதபடி அவளுக்குத் திருக்குறளையும் தேவாரத்தையும் துணையாகக் கொடுத்தார் ஆசிரியர். அவருடைய சாமர்த்தியம் அது என்றே நினைக்கிறேன்.

நம் பகுதியில் பெண் சம்பாதிப்பது புதுமை அன்று. ராஜபாளையத்தில் நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகள், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி வேலை என்று பெண்களின் கைகளால்தான் பல குடும்பங்கள் நடந்து வந்திருக்கின்றன. சம்பளம் யார் கையில் சேருகிறது, எதற்காகச் சேருகிறது என்பதுதான் கேள்வி. கொங்கு நாட்டிலும் வேறு சில மாவட்டங்களிலும் நூற்பாலைகள் சில, ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்துக்கு எடுத்து, விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லிய செய்தி 2000க்குப் பின் நாடெங்கும் பேசப்பட்டது. அந்தத் தொகை திருமணச் செலவுக்கு என்பதைப் பெயரே சொல்லிவிடும். வரதட்சிணை வாங்குவதும் கொடுப்பதும் 1961இலேயே சட்டப்படி குற்றமாகிவிட்டன. ஆனாலும் பெண் தன் இளமையைக் கொடுத்து ஈட்டிய பணம் முழுவதும் தன்னையே இன்னொரு வீட்டில் ஒப்படைக்கும் செலவுக்குப் போயிற்று. பூரணி ஈட்டிய சம்பளம் அவள் கையிலேயே வந்தது. அதை எப்படிச் செலவழிப்பது என்பதை அவளே முடிவு செய்தாள். காதலனுக்காகவும் அல்ல, மணச் செலவுக்காகவும் அல்ல. வீட்டு வாடகைக்கும் தம்பியர் படிப்புக்கும். காதல் நாவல் ஒன்றில் இதைப் படிக்கிறோம் என்பதை மாணவியர் கவனித்தல் வேண்டும்.

காதலைச் சொன்னவர் யார்?

இனிக் காதலுக்கு வருவோம். அரவிந்தன் நல்லவன். இந்த அளவுக்கு நல்லவனை வாழ்க்கையில் பார்ப்பது அரிது என்று பூரணி கதையைப் படித்த தாய்மார் பலர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அவனுக்குக் கோபம் வந்தாலும் அது கொள்கைக் கோபமாகவே இருக்கிறது. பூரணியைக் கண்டு கவிதை எழுதுகிறான். அவளைப் பெண்மைக்கு இலக்கணமாக, தெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்துப் பார்க்கிறான்.

எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. பூரணி அவனைப் பற்றி என்ன எழுதினாள்? அவளும் தமிழ் படித்தவள். அவனைக் காட்டிலும் ஆழமாகப் படித்தவள். மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறாள். ஆனால் அன்பைச் சொல்ல நேரும்போது பெரும்பாலும் கண்களும் புன்னகையும்தான் பேசுகின்றன. கவிதை அவனிடம், மௌனம் அவளிடம். பாடுகிறவன் ஆண், பாடப்படுகிறவள் பெண் என்ற பழைய ஏற்பாட்டை நா.பா. இங்கே மாற்றவில்லை.

இதை நாம் சும்மா விட்டுவிட முடியாததற்குக் காரணம் நம் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரையும் ஆடிப்பூரத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், இவ்வூரில் ஒரு பெண், தன் உள்ளத்து அன்பைத் தானே, தன் பெயரிலேயே, தமிழில் பாடினாள். திருப்பாவை 30 பாடல்களைப் பலரும் அறிவர். நாச்சியார் திருமொழியின் 143 பாடல்களை அந்த அளவுக்கு அறியோம். அதிலே ஆண்டாள் மேகத்தைத் தூது விடுகிறாள், குயிலிடம் கெஞ்சுகிறாள், தான் கண்ட திருமணக் கனவைத் தோழிக்குச் சொல்லுகிறாள், மானிடர்க்கு என்று பேச்சு எழுந்தால் உயிர் வாழேன் என்று அறிவிக்கிறாள். அது இறைவன் மீது கொண்ட காதல். சமயம் வேறு, நோக்கம் வேறு. அதனை நாவற் காதலோடு சமமாக வைத்துப் பேசுவது என் கருத்தன்று. சொல்லும் துணிவைப் பற்றித்தான் பேசுகிறேன். தனக்கு எது வேண்டும், எது வேண்டா என்பதை ஒரு பெண் தன் வாயால் சொல்லலாம் என்பதற்கு நம் தெருவிலேயே சான்று இருக்கிறது.

அந்தச் சான்று தமிழோடு நிற்கவில்லை. விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் ஆண்டாள் கதையைத் தெலுங்கில் ‘ஆமுக்த மால்யதா’ என்னும் காவியமாகப் பாடினார். அதைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர் ராஜபாளையத்துப் பன்மொழிப் புலவர் மு.கு. ஜகந்நாத ராஜா. அந்த மொழிபெயர்ப்புக்கு 1989இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த கதை, விசயநகரம் வரை போய்த் தெலுங்கு கற்றுக்கொண்டு, பக்கத்து ஊரான ராஜபாளையத்தின் வழியாகத் தமிழுக்குத் திரும்பி வந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையே பேருந்தில் அரைமணி நேரப் பயணம்; கதைக்கு ஆனதோ பல நூற்றாண்டுகள்!

அரவிந்தன் ஏன் இறந்தான்?

வகுப்பில் இந்நாவலைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “டீச்சர், அரவிந்தன் செத்ததுக்கு அப்புறம் பூரணி கடைசிவரைக்கும் தனியா இருந்தாள். பூரணி செத்திருந்தா அரவிந்தன் அப்படி இருந்திருப்பானா?” மற்றொருத்தி, “இருந்திருப்பான். அவன் அரவிந்தன்!” என்றாள். வகுப்பு சிரித்தது. ஆனால் முதற் கேள்வி எளிதில் விடுவதாய் இல்லை.

தொடர்கதை வந்த காலத்தில் அரவிந்தனின் மரணத்துக்காக அழுத வாசகர்கள் ஏராளம் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அழுகைக்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பகுதி உருக்கமாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மரணம் அந்தக் காதலைக் காப்பாற்றவும் செய்கிறது என்பது விளங்கும். இருவரும் ஒரு நாளும் அரிசி விலையைப் பற்றிச் சண்டை போடவில்லை. அவன் கவிதை நோட்டைத் தேடி அவள் அலமாரியைக் கலைக்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் யார் விழித்திருப்பது என்ற கேள்வி எழவில்லை. சோதனை வருமுன்பே பரீட்சை முடிந்துவிட்டது. முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிட்டது.

குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. கோடைக்கானல், மூணாறு மலைகளில் 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்தது 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. பூக்காத ஆண்டுகளில் அந்தச் செடி என்ன செய்கிறது? வளர்கிறது. வேரையும் தண்டையும் பெருக்கிக்கொள்கிறது. பூத்து, விதை விட்டபின் மடிகிறது. புதிய செடிகள் அந்த விதையிலிருந்து மீண்டும் பன்னிரண்டு ஆண்டு வளர வேண்டும். நாவல் பூவை மட்டும் எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளைப் பற்றிய காதல் கதை தமிழில் குறைவு என்பது என் ஆதங்கம். ரமணிசந்திரனின் நாவல்களை விரும்பிப் படிக்கும் மாணவியர் உண்டு; நூற்றுக்கும் மேற்பட்டவை எழுதியவர். அவற்றில் ஊடலும் பிழைபடப் புரிந்துகொள்ளுதலும் தீர்ந்து, மனமொத்த வாழ்வு தொடங்கும் இடத்தில் கதை முடிந்துவிடும். நா.பா. மரணத்தில் நிறுத்தினார், இவர் மங்கலத்தில் நிறுத்துகிறார். அதற்கப்பால் இருவருமே நம்மை அழைத்துச் செல்வதில்லை.

ஆங்கிலத்தில் ‘ஜேன் அயர்’ படித்த மாணவியர் இருப்பீர்கள். 1847இல் சார்லட் பிராண்டி எழுதியது. ஜேனும் பூரணியைப் போலவே பெற்றோரை இழந்தவள்; ஆசிரியையாகித் தானே பிழைத்தவள்; தன்மானத்துக்காகச் சுகத்தை உதறியவள். ஆனால் அவள் தன் உள்ளத்தை வாய்விட்டுச் சொல்லுகிறாள். தலைவனைவிட்டுப் போக வேண்டிய நேரத்தில் போகிறாள். திரும்பி வந்து மணந்து, பத்தாண்டு இல்லறம் நடத்தியபின் கதையை நமக்குச் சொல்லுகிறாள். அந்தப் பத்தாண்டுக்கு ஆசிரியை கொடுத்த இடம் சில பக்கங்களே என்றாலும், கொடுத்தார் அல்லவா!

இக்காலத்து மாணவியர் சிலர் ஜான் கிரீனின் ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ (2012) நாவலையும் அரவிந்தன் கதையோடு ஒப்பிடுகின்றனர். அதிலும் காதலன் இறக்கிறான். ஆயினும் அங்கே காதலர் இருவரும் புற்றுநோய் கண்டவர்கள். மரணம் முதற் பக்கத்திலிருந்தே கதையின் பொருள். கதையைச் சொல்லுபவளும் அந்தப் பெண்ணே. ‘குறிஞ்சி மலரில்’ மரணம் பிற்பகுதியில் வந்து கதையைத் தூக்கி உயரத்தில் வைத்துவிட்டுப் போகிறது. இரண்டையும் படித்தவர்களுக்கு இவ்வேறுபாடு புலனாகும்.

பூரணியின் தனிவாழ்வைத் துறவு என்று போற்றுவோர் உளர். நம் பள்ளியில் அருட்சகோதரியரை நாள்தோறும் பார்க்கும் நமக்கு இதில் ஓர் ஐயம் எழ வேண்டும். அவர்கள் ஏற்ற துறவு, ஆண்டுக்கணக்காகப் பயின்று, வேண்டுமா வேண்டாவா என்று பலமுறை கேட்கப்பட்டு, தாமே விரும்பிச் சொன்ன வார்த்தைப்பாடு. ஒருவனை இழந்ததால் நேர்ந்த தனிமை அதனோடு ஒன்றன்று. பூரணியிடம் எவரும் அந்தக் கேள்வியை நிதானமாகக் கேட்கவில்லை, நாவலும் கேட்கவில்லை. அவள் அதையேதான் விரும்பியிருக்கக்கூடும். இருந்தாலும் இருபது வயதை ஒட்டிய ஒரு பெண்ணின் எஞ்சிய ஆண்டுகள் அனைத்தையும் ஒரு மரணம் தீர்மானித்துவிட்டது என்று படிக்கும்போது, அதை இலட்சியம் என்று ஏற்றுக்கொள்ள என் மனம் இசையவில்லை.

முருகானந்தமும் வசந்தாவும்

இந்நாவலில் இன்னொரு காதலும் உண்டு. அதைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. மங்களேசுவரி அம்மாளின் மூத்த மகள் வசந்தா, திரைப்பட ஆசை காட்டிய ஒருவனை நம்பி வீட்டைவிட்டுச் சென்று, ஏமாற்றப்பட்டுத் திரும்புகிறாள். அரவிந்தனின் நண்பன் முருகானந்தம் தையல்காரன்; உழைப்பாளிகளுக்காக வாதாடுகிறவன்; கையில் காசில்லாதவன். இவ்விருவருக்கும் இடையே அன்பு மலர்ந்து மணத்தில் முடிகிறது.

என்னைக் கேட்டால், துணிவு மிக்க காதல் இதுதான் என்பேன். அரவிந்தனும் பூரணியும் ஒருவரையொருவர் குற்றமற்றவராகக் கண்டு விரும்பினர். அதற்குப் பெரிய மனம் தேவையில்லை. பொன்னை விரும்ப யாருக்குத்தான் கசக்கும்? முருகானந்தமோ ஊர் வாயில் விழுந்த ஒரு பெண்ணை, நடந்தது நடந்திருக்க, மதித்து ஏற்கிறான். வசந்தாவும் பணத்தின் உயரத்திலிருந்து இறங்கி வந்து ஓர் உழைப்பாளியை மதிக்கக் கற்கிறாள். குறை உள்ளவர்கள் குறையோடு ஒருவரையொருவர் ஏற்பது. அரவிந்தனைப் போல் ஒருவன் வருவான் என்று காத்திருக்கும் மாணவி, முருகானந்தம் எதிரில் வந்தால் அடையாளம் கண்டுகொள்வாளா என்று சில வேளை நினைப்பதுண்டு.

நாவலில் குறைகளும் உண்டு. தொடர்கதை என்பதால் சில இடங்கள் நீள்கின்றன. பாத்திரங்கள் பேச வேண்டிய இடத்தில் ஆசிரியரே பேசிவிடுகிறார். அறிவுரை சற்று மிகுதி. நடை அழகானது, ஆனால் எப்போதும் பட்டுப்புடைவை உடுத்திய நடை. அடுப்படியிலும் அதையே உடுத்திக்கொண்டிருக்கிறது. நல்லவர் மிக நல்லவராகவும் கெட்டவர் மிகக் கெட்டவராகவும் இருக்கின்றனர். கட்டுரைப் போட்டிக்கு மேற்கோள் தேடும் மாணவியருக்கு மட்டும் இந்நூல் சுரங்கம்!

பெற்றோர் கவனத்துக்கு

சங்க இலக்கியத்தில் ‘அறத்தொடு நிற்றல்’ என்று ஒரு துறை உண்டு. தலைவி தன் உள்ளத்தைத் தோழிக்குச் சொல்லுவாள். தோழி செவிலிக்குச் சொல்லுவாள். செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் குறிப்பால் உணர்த்துவார்கள். காதலைத் தாயிடம் கொண்டு சேர்ப்பதற்குப் பழந்தமிழர் ஒரு படிக்கட்டே கட்டி வைத்திருந்தனர். அதற்கு ‘அறம்’ என்றும் பெயரிட்டனர். பாடம் நடத்தும்போது இதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறோம்.

இன்று அந்தப் படிக்கட்டில் பல படிகள் உடைந்திருக்கின்றன. புத்தகப் பையில் ஒரு கடிதமோ, கைப்பேசியில் நான்கு வரியோ அகப்பட்டால், ஒரு சொல் கேட்காமலே படிப்பை நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. அதற்கு அஞ்சியே பெண் பிள்ளைகள் எதையும் சொல்லுவதில்லை. சொல்ல ஆள் இல்லாத பெண், வசந்தாவை அழைத்துப் போனவனைப் போன்றவர்களின் பேச்சை நம்புகிறாள். நாவல் படித்துத்தான் பெண்கள் கெட்டுப் போகிறார்கள் என்பாருக்கு நான் சொல்லக்கூடியது, இந்நாவலில் கெடுக்க வந்தவன் எப்படிப் பேசுவான் என்பது எழுதப்பட்டிருக்கிறது. அதை வீட்டில் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

பூரணிக்குத் தாய் இல்லை. செவிலியின் இடத்தில் மங்களேசுவரி அம்மாள் வந்து நின்றார். அதே அம்மையார் தம் சொந்த மகள் விஷயத்தில் முதலில் கோட்டைவிட்டார். மகள் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது தெரியாமல் இருந்துவிட்டார். ஆனால் மகள் ஏமாந்து நின்றபோது அவர் கதவை அடைக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் அவருக்கும் இருந்தது; அழுதார்; கலங்கினார்; மகளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். மகளின் மேசையில் ‘குறிஞ்சி மலரை’க் கண்டு எடுத்துப் புரட்டும் பெற்றோர், அரவிந்தனும் பூரணியும் வரும் பக்கங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வசந்தா திரும்பி வரும் அத்தியாயங்களை முதலில் படிக்கலாம்.